மூளையிடம் கற்கும் கணினிகள்: ஆராய்ச்சிக்கு வர நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கணினிக் கட்டமைப்பிலும், மூளையை முன்மாதிரியாகக் கொண்ட கணினிகளிலும் ஆராய்ச்சி செய்ய விரும்புகிறவர்கள் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. மின்னணுவியல் படித்தவர், கணினி அறிவியல் படித்தவர், இயற்பியலிலிருந்து வருகிறவர் என எல்லோருக்கும் பயன்படும்படி பதில் எழுதியிருக்கிறேன். சில பதில்களில் என் கருத்தும் உண்டு. அதைக் கருத்தாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

கணினிக் கட்டமைப்பு ஆராய்ச்சி என்றால் என்னதான் செய்வார்கள்?

கீழே டிரான்சிஸ்டர்கள், மேலே மென்பொருள். இரண்டுக்கும் நடுவே எடுக்க வேண்டிய முடிவுகள்தான் இந்தத் துறை. செயலிக்கு எந்தெந்தக் கட்டளைகள் தெரிந்திருக்க வேண்டும், செயலிக்கு அருகிலேயே இருக்கும் வேகமான சிறு நினைவகமான கேஷ் எவ்வளவு பெரிதாக இருக்கலாம், சிப்புக்குள் தனித்தனியாகக் கணக்கிடும் பல கோர்கள் ஒரே தரவை மாற்றும்போது குழப்பம் வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பன போன்ற முடிவுகள். கேஷைப் பெரிதாக்கினால் தேடும் தரவு அங்கேயே கிடைக்கும் வாய்ப்பு கூடும். ஆனால் தேட ஆகும் நேரமும் கூடும், சிப்பில் இடமும் போகும். வேகம், மின்சாரம், பரப்பு ஆகிய மூன்றில் ஒன்றைப் பிடித்து இழுத்தால் இன்னொன்று நழுவும். எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்பதை அளந்து காட்டுவதே ஆராய்ச்சியாளரின் வேலை.

1980களில் பெர்க்லியில் டேவிட் பேட்டர்சனும் ஸ்டான்ஃபோர்டில் ஜான் ஹென்னஸியும் எளிய கட்டளைகள் மட்டுமே கொண்ட ரிஸ்க் செயலிகளை முன்வைத்தார்கள். நிரல்கள் எந்தக் கட்டளையை எவ்வளவு அடிக்கடி பயன்படுத்துகின்றன என்று எண்ணிப் பார்த்து, அந்தக் கணக்கைக் காட்டித்தான் அவர்கள் வாதாடினார்கள். இருவருக்கும் கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது 2017ஆம் ஆண்டுக்குக் கிடைத்தது. அளவீட்டை இப்படி நடுநாயகமாக வைக்கும் பழக்கம் இந்தத் துறையின் பெரிய பலம்.

இத்தனை வருடம் நன்றாக ஓடிய கணினியை விட்டுவிட்டு ஏன் மூளையைப் பார்க்கிறார்கள்?

இரண்டு காரணங்கள். முதலாவது, இலவசமாகக் கிடைத்துவந்த வேகம் நின்றுபோனது. டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கினால் அதன் மின்னழுத்தத்தையும் அதே விகிதத்தில் குறைக்கலாம், அதனால் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஆகும் மின்சாரம் கூடாது என்று 1974இல் ராபர்ட் டென்னார்டும் அவருடைய குழுவினரும் காட்டினார்கள். சுமார் முப்பது ஆண்டுகள் செயலிகள் வேகமாகிக்கொண்டே வந்ததற்கு இதுதான் அடிப்படை. 2005ஐ ஒட்டி இது உடைந்தது. டிரான்சிஸ்டர் அணைந்திருக்கும்போதும் கசியும் மின்னோட்டத்தால் மின்னழுத்தத்தை அதற்குமேல் குறைக்க முடியவில்லை. அதற்குப் பிறகும் சிப்பில் டிரான்சிஸ்டர்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே வந்தது, ஆனால் கடிகார வேகம் சில கிகாஹெர்ட்ஸோடு தங்கிவிட்டது.

இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. ஜான் வான் நியூமன் எட்வாக் என்ற கணினியைப் பற்றி 1945இல் எழுதிய அறிக்கையிலிருந்து இன்றுவரை, கணக்கிடும் பகுதி ஒரு பக்கம், நினைவகம் இன்னொரு பக்கம் என்பதே பொதுவான அமைப்பு. ஒவ்வொரு எண்ணும் நடுவிலுள்ள பாதை வழியே போய்வர வேண்டும். 1977இல் டூரிங் விருது உரையில் ஜான் பேக்கஸ் இதைத்தான் வான் நியூமன் இடுக்கு என்றார். அன்று அது முக்கியமாக வேகப் பிரச்சினை. இன்று மின்சாரப் பிரச்சினையும்கூட. மார்க் ஹோரோவிட்ஸ் 2014இல் கொடுத்த, பலரும் மேற்கோள் காட்டும் கணக்கைப் பாருங்கள். 45 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் 32 பிட் மிதவைப்புள்ளிப் பெருக்கல் ஒன்றுக்கு ஏறத்தாழ 3.7 பிக்கோஜூல் (ஒரு பிக்கோஜூல் என்பது ஒரு ஜூலில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) ஆகிறது. அதே 32 பிட்டை வெளியிலுள்ள டிராம் நினைவகத்திலிருந்து எடுத்துவர ஏறத்தாழ 640 பிக்கோஜூல். கணக்குப் போடுவதைவிட எண்ணைக் கொண்டுவருவதற்கு சுமார் 170 மடங்கு செலவு.

பெரிய நியூரல் நெட்வொர்க்குகளில் இணைப்புகளின் வலுவைக் குறிக்கும் கோடிக்கணக்கான எண்களை, அதாவது எடைகளை, இப்படித்தான் இழுத்துவர வேண்டியிருக்கிறது. மூளையில் அந்த இழுப்பே இல்லை. நியூரான்களை (நரம்பணுக்களை) இணைக்கும் சினாப்ஸ்தான் நினைவகம், கணக்கு நடப்பதும் அங்கேயேதான். மூளையிடமிருந்து நாம் கற்க வேண்டிய முதல் பாடம் இது என்பது என் உறுதியான எண்ணம். ஸ்பைக் (நியூரான் அனுப்பும் துடிப்பு), கற்றல் விதி எல்லாம் இதற்கு அடுத்துதான்.

மூளை 20 வாட்டில் ஓடுகிறதாமே? அதைக் கணினியோடு ஒப்பிடுவது சரியா?

எண் சரிதான். சுமார் 8,600 கோடி நியூரான்கள், அவற்றை இணைக்கும் சினாப்ஸ்கள் நூறு லட்சம் கோடி அளவில், எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 20 வாட். ஆனால் இந்த எண்ணை வைத்துக்கொண்டு கணினியை மட்டம் தட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பத்து இலக்க எண்கள் இரண்டைப் பெருக்கச் சொன்னால் மூளை திணறும். சாதாரணச் செயலி அதை நானோநொடியில் முடித்துவிடும். இரண்டும் வேறு வேறு வேலைகளுக்காக உருவானவை.

20 வாட் நமக்குச் சொல்வது வேறொன்று. நியூரானின் ஒரு துடிப்பு ஒரு மில்லிநொடி அளவுக்கு நீள்கிறது. மின்னணுவியல் கணக்கில் இது ஆமை வேகம். பெருமூளைப் புறணியில் பல நியூரான்கள் சராசரியாக நொடிக்குச் சில முறைதான் துடிக்கின்றன. அதாவது எந்த நேரத்திலும் பெரும்பகுதி சும்மா இருக்கிறது. மெதுவான பாகங்கள், ஏராளமான இணைப்புகள், தேவைப்படும்போது மட்டும் வேலை. சிப் வடிவமைப்பவர் எடுத்துக்கொள்ள வேண்டியவை இவை.

ஜிபியு, டிபியு எல்லாம் நியூரல் நெட்வொர்க் ஓட்டுகின்றனவே. அவையும் நியூரோமார்ஃபிக், அதாவது மூளையை முன்மாதிரியாகக் கொண்டவைதானா?

இல்லை. ஜிபியு வரைகலைக்காக உருவான செயலி, டிபியு நியூரல் நெட்வொர்க்குக்காகக் கூகுள் செய்த செயலி. அவை அணிப் பெருக்கலை வேகமாகச் செய்யும் இயந்திரங்கள். கூகுள் 2015இல் தன் தரவு மையங்களில் பயன்படுத்தத் தொடங்கி, 2017இல் விவரம் வெளியிட்ட முதல் டிபியுவில் 256க்கு 256 என்ற கட்டத்தில் 65,536 பெருக்கிகள் இருந்தன. ஓர் எண் ஒருமுறை உள்ளே வந்தால் பக்கத்துப் பெருக்கிக்குக் கைமாறிக்கொண்டே போகும், திரும்பத் திரும்ப நினைவகத்துக்குப் போக வேண்டாம். இது 1970களின் இறுதியில் எச். டி. குங்கும் சார்லஸ் லைசர்சனும் முன்வைத்த சிஸ்டாலிக் அமைப்பு. மூளையிலிருந்து வந்த யோசனை அல்ல, ஆனால் தாக்குவது அதே தரவு நகர்வுச் செலவைத்தான்.

நியூரோமார்ஃபிக் சிப்பில் நியூரான் வேறு மாதிரி. அதற்கு உள்ளே ஒரு மின்னழுத்த நிலை இருக்கும். உள்ளே வரும் ஸ்பைக் ஒவ்வொன்றும் தன் சினாப்ஸின் எடைக்கேற்ப அந்த நிலையை ஏற்றும் அல்லது இறக்கும். எதுவும் வராவிட்டால் நிலை கசிந்து மெல்லக் குறையும். ஒரு வரம்பைத் தொட்டால் நியூரான் ஒரு ஸ்பைக்கை அனுப்பிவிட்டு மறுபடி ஆரம்ப நிலைக்குப் போகும். 1907இல் லூயி லாபிக் முன்வைத்த மாதிரியின் வழிவந்தது இது. ஸ்பைக்குக்கு அளவு என்று ஒன்று கிடையாது. வந்ததா இல்லையா, எப்போது வந்தது என்பவை மட்டுமே தகவல். வராதபோது வேலையே இல்லை என்பதுதான் வன்பொருளுக்குக் கிடைக்கும் ஆதாயம்.

இதுவரை என்ன மாதிரியான சிப்கள் வந்திருக்கின்றன?

துறையைத் தொடங்கிவைத்தவர் கால்டெக்கின் கார்வர் மீட். 1980களின் இறுதியில் அவர் ஒரு விஷயத்தைக் கவனித்துச் சொன்னார்: டிரான்சிஸ்டரை வரம்பு மின்னழுத்தத்துக்குக் கீழே இயக்கினால், மின்னோட்டம் மின்னழுத்தத்தோடு அடுக்குக்குறி முறையில் கூடுகிறது. நரம்பணுச் சவ்விலுள்ள அயனி வாய்க்கால்களும் அப்படித்தான். அப்படியானால் நியூரானைச் சமன்பாடாக எழுதிக் கணக்கிட வேண்டியதில்லை, சிலிக்கானின் இயற்பியலே அந்தக் கணக்கைச் செய்துவிடும். அவருடைய மாணவி மிஷா மஹோவால்ட் உருவாக்கிய சிலிக்கான் விழித்திரை இந்த வழியில் வந்தது. இன்றைய நிகழ்வுக் கேமராக்களுக்கு அதுவே மூதாதை. முழுப் படங்களை வரிசையாக எடுக்காமல், எந்தப் புள்ளியில் வெளிச்சம் மாறுகிறதோ அந்தப் புள்ளி மட்டும் செய்தி அனுப்பும் கேமராக்கள் அவை.

அப்புறம் பெரிய சிப்கள் வந்தன. ஐபிஎம் 2014இல் வெளியிட்ட ட்ரூநார்த்தில் 4,096 கோர்கள், 10 லட்சம் நியூரான்கள், 25.6 கோடி சினாப்ஸ்கள். செலவு சுமார் 70 மில்லிவாட். இன்டெல் 2017இல் அறிவித்த லோய்ஹியில் 128 கோர்களும் சுமார் 1.3 லட்சம் நியூரான்களும் இருந்தன. நியூரான்கள் குறைவுதான், ஆனால் ட்ரூநார்த்தால் முடியாத ஒன்றை அது செய்தது: சிப்பிலேயே சினாப்ஸ் எடைகளை மாற்றிக் கற்றது. 2021இல் லோய்ஹி 2 வந்தது. அத்தகைய 1,152 சிப்களைச் சேர்த்து 2024இல் அமைத்த ஹாலா பாயின்ட்டில் 115 கோடி நியூரான்கள் வரை உண்டு, அதிகபட்ச மின்சாரம் 2,600 வாட்.

ஐரோப்பாவில் இரண்டு பெரிய முயற்சிகள் எதிரெதிர் வழிகளில் போயின. மான்செஸ்டரில் ஸ்டீவ் ஃபர்பர் தலைமையில் உருவான ஸ்பின்னேக்கர், 10 லட்சம் சாதாரண ஆர்ம் கோர்களைக் கொண்டது. நியூரான் மாதிரி முழுக்க மென்பொருளில் இருப்பதால் எதை வேண்டுமானாலும் மாற்றிப் பார்க்கலாம். ஹைடல்பெர்கின் பிரைன்ஸ்கேல்ஸ் நியூரானை அனலாக் சுற்றாகவே செய்தது, அது உயிருள்ள நியூரானைவிட ஆயிரம் மடங்குக்கும் வேகமாக ஓடுகிறது. ஒரு நாள் நீளும் கற்றல் சோதனையை இரண்டு நிமிடத்துக்குள் பார்த்துவிடலாம். ஒன்று நெகிழ்வைத் தேர்ந்தெடுத்தது, மற்றது வேகத்தை. இவற்றில் எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்பதில் பொருளில்லை.

2023இல் ஐபிஎம் வெளியிட்ட நார்த்போல் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம். ட்ரூநார்த் செய்த குழுவின் அடுத்த சிப், ஆனால் அதில் ஸ்பைக் கிடையாது! 256 கோர்களிலும் நினைவகத்தைக் கணக்கிடும் பகுதியோடு பின்னி வைத்தார்கள், வெளி நினைவகத்தையே நாடவில்லை. ரெஸ்நெட்-50 என்ற படம் அடையாளம் காணும் நெட்வொர்க்கை வைத்து, 12 நானோமீட்டரில் செய்த ஒரு ஜிபியுவோடு ஒப்பிட்டபோது சுமார் 25 மடங்கு ஆற்றல் சிக்கனம் என்று காட்டினார்கள். மூளையின் எந்தப் பாடம் அதிகம் தருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை.

மெம்ரிஸ்டர் பற்றி நிறையப் பேசுகிறார்களே?

காரணம் இருக்கிறது. 1971இல் லியோன் சுவா கோட்பாடாகச் சொன்ன உறுப்பு இது. தன் வழியே போன மின்னோட்டத்துக்கேற்பத் தன் தடையை மாற்றி, அதை நினைவில் வைத்துக்கொள்ளும். 2008இல் எச்பி ஆய்வகம் அதைச் செய்துகாட்டியதாக அறிவித்ததும் துறை சூடுபிடித்தது. குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகளைப் போட்டு, ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு மெம்ரிஸ்டரை வையுங்கள். வரிசைகளில் மின்னழுத்தம் கொடுத்தால், ஓம் விதிப்படி ஒவ்வொரு சந்திப்பிலும் பெருக்கல் நடக்கும். கிர்ச்சாஃப் விதிப்படி நெடுக்குக் கம்பியில் மின்னோட்டங்கள் கூடும். அணிப் பெருக்கல் ஒரே வீச்சில் முடிந்துவிடும், எடைகள் இருந்த இடத்தை விட்டு அசையவே இல்லை.

அழகான யோசனை. சிக்கல் ஓரங்களில் இருக்கிறது. ஒரே மாதிரி செய்த இரண்டு உறுப்புகள் ஒரே தடையைக் காட்டுவதில்லை, எழுதிய மதிப்பு நாளடைவில் நகர்கிறது, எழுதும் தடவைக்கும் எல்லை உண்டு. கூடவே, வெளியே வரும் மின்னோட்டத்தை மறுபடி எண்ணாக்கும் அனலாக்-டிஜிட்டல் மாற்றிகளே சிப்பின் பரப்பிலும் மின்சாரத்திலும் பெரும்பங்கை விழுங்கிவிடலாம். இங்கே சாதன இயற்பியல் தெரிந்தவரும் கட்டமைப்பு தெரிந்தவரும் ஒன்றாக உட்கார்ந்தால்தான் வேலை நடக்கும். இரண்டு பக்கமும் ஓரளவு புரிந்தவர்கள் குறைவு. நீங்கள் அப்படி ஒருவரானால் உங்களுக்குத் தட்டுப்பாடில்லாமல் வேலை இருக்கும்.

ஸ்பைக்கிங் நெட்வொர்க் நிஜமாகவே மின்சாரத்தை மிச்சப்படுத்துமா?

சில இடங்களில் ஆம், பல இடங்களில் இல்லை. பல கட்டுரைகளில் ஒரு கணக்கைப் பார்ப்பீர்கள்: வழக்கமான நெட்வொர்க்கில் ஒரு பெருக்கிக் கூட்டலுக்கு 4.6 பிக்கோஜூல், ஸ்பைக்கிங் நெட்வொர்க்கில் வெறும் கூட்டலுக்கு 0.9 பிக்கோஜூல், ஆகவே ஐந்து மடங்கு லாபம். எண்கள் 45 நானோமீட்டருக்கு உரியவை, தப்பில்லை. ஆனால் எடையை நினைவகத்திலிருந்து எடுக்கும் செலவு அதில் எங்கே? மேலே பார்த்தோமே, உண்மையான செலவு அங்கேதானே இருக்கிறது? நியூரானின் நிலையை ஒவ்வொரு நேரப்படியிலும் (கணக்கிடும் நேரத்தின் சிறு துண்டிலும்) படித்து எழுதுவதும் செலவுதான். நிலையான ஒரு படத்தைப் பல நேரப்படிகளாக நீட்டி ஸ்பைக்காக்கினால், ஒருமுறை படித்திருக்க வேண்டிய எடையைப் பலமுறை படிக்க நேரலாம். லாபம் கரைந்துவிடும்.

லாபம் நிஜமாகக் கிடைப்பது, உள்ளே வரும் தகவலே காலத்தில் அரிதாக வரும்போது. நிகழ்வுக் கேமரா, எப்போதாவது ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கும் ஒலிவாங்கி, நீண்ட நேரம் அமைதியாக இருக்கும் அதிர்வு உணரி போன்ற இடங்கள். அங்கே பெரும்பாலான நேரம் எதுவும் நடப்பதில்லை, எனவே சிப்பும் ஏறக்குறைய தூங்கலாம்.

ஸ்பைக்கை வைத்து எப்படிப் பயிற்சி கொடுப்பது? அதை வகையிட முடியாதே?

முடியாதுதான். வரம்பைத் தொடும் இடத்தில் படி மாதிரித் தாவுகிறது, மற்ற இடங்களில் சரிவு பூஜ்யம். அதனால் பிழையைப் பின்னோக்கிக் கடத்தி எடைகளைத் திருத்தும் பின்பரவல் முறை நேரடியாக ஓடாது. இப்போது பரவலாகச் செய்வது, முன்னோக்கிப் போகும்போது ஸ்பைக்கை அப்படியே வைத்துக்கொண்டு, பின்னோக்கி வரும்போது மட்டும் அந்தப் படிக்குப் பதிலாக வழவழப்பான ஒரு சார்பின் சரிவைப் பயன்படுத்துவது. பதிலிச் சரிவு முறை இது. எஸ்என்என்டார்ச், நார்ஸ் போன்ற நிரலகங்களில் தயாராகவே கிடைக்கிறது.

மூளைக்கு நெருக்கமான வழியும் உண்டு. முன் நியூரான் துடித்த உடனே பின் நியூரான் துடித்தால் இணைப்பு வலுவாகும், வரிசை மாறினால் பலவீனமாகும். 1990களின் பிற்பகுதியில் சோதனைகளில் கண்ட இந்த விதி சினாப்ஸின் அருகிலேயே கிடைக்கும் தகவலை மட்டும் கேட்பதால் வன்பொருளுக்கு அருமையாகப் பொருந்துகிறது. ஆனால் ஆழமான நெட்வொர்க்குகளை இதை மட்டும் வைத்துப் பின்பரவல் அளவுக்குத் துல்லியமாகப் பயிற்றுவிக்க முடிவதில்லை. உள்ளூர்த் தகவலோடு நின்று, பின்பரவலுக்கு நெருங்கிய தரத்தைக் கொடுக்கும் கற்றல் விதி எது என்பது இன்னும் திறந்தே இருக்கிற பெரிய கேள்வி.

நரம்பியல் முழுக்கப் படித்துவிட்டுத்தான் வர வேண்டுமா?

வேண்டாம். ஒரு நல்ல அறிமுகப் பாடம் போதும். சரளமாகத் தெரிய வேண்டியவை டிஜிட்டல் வடிவமைப்பு, நினைவக அடுக்கு, நிகழ்தகவு, நிரலாக்கம் ஆகியவை.

சொந்தமாகச் சிப் செய்ய வசதியில்லை. அப்போதும் ஆராய்ச்சி முடியுமா?

தாராளமாக முடியும். கட்டமைப்புக் கட்டுரைகளில் பெரும்பங்கு சிமுலேட்டரில்தான் பிறக்கிறது. வழக்கமான செயலிகளுக்கு ஜெம்ஃபைவ் இருக்கிறது. நியூரான் வலைகளுக்கு நெஸ்ட், பிரையன், நெங்கோ ஆகியவை. எல்லாம் திறந்த மூலம். ஆனால் நுணுக்கமான சிமுலேட்டர் நிஜச் செயலியைவிடப் பல்லாயிரம் மடங்கு மெதுவாக ஓடும், எனவே நிரலின் எந்தப் பகுதியை ஓட்டிப் பார்ப்பது என்று தேர்ந்தெடுப்பதே ஒரு திறமை. அடுத்த படி எஃப்பிஜிஏ, அதாவது உள்சுற்றை நாமே மாற்றியமைத்துக்கொள்ளக்கூடிய சிப். வன்பொருளை விவரிக்கும் மொழியான வெரிலாக்கில் எழுதிய வடிவமைப்பை நிஜ வன்பொருளில் ஓட்டிப் பார்க்கலாம். 2020இல் கூகுளும் ஸ்கைவாட்டரும் 130 நானோமீட்டர் வடிவமைப்புத் தொகுப்பைத் திறந்த மூலமாக வெளியிட்டபின், சிறிய சிப்களைச் செய்து பார்க்கும் வழியும் மாணவர்களுக்குத் திறந்திருக்கிறது. பழைய தொழில்நுட்பம்தான், ஆனால் ஒரு முழுச் சிப்பை முடிக்கும் அனுபவத்துக்கு அது போதும்.

ஒரு கட்டுரையை நம்பலாமா என்று எப்படிப் பார்ப்பது?

முதலில் எதோடு ஒப்பிட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஜிபியு ஒரே சமயத்தில் நிறையப் படங்களைப் பார்க்கும்போதுதான் சிக்கனமாக ஓடும். அதற்கு ஒரே ஒரு படத்தைக் கொடுத்து ஒப்பிட்டால் எந்தச் சிறு சிப்பும் வென்றுவிடும். உடனடிப் பதில் தேவைப்படும் பயன்பாட்டுக்கு அப்படி ஒப்பிடுவது நியாயம்தான், ஆனால் அந்தக் காரணத்தைச் சொல்லியிருக்க வேண்டும். பிறகு, மின்சாரத்தை மீட்டரில் அளந்தார்களா, சிமுலேட்டரில் மதிப்பிட்டார்களா? வெளி நினைவகம், தரவை உள்ளே கொண்டுவரும் பகுதி எல்லாம் கணக்கில் உண்டா? இரண்டு சிப்களும் ஒரே நானோமீட்டர் தலைமுறையா? துல்லியம் எவ்வளவு விட்டுக்கொடுத்தார்கள்?

தரவுத்தொகுப்பையும் கவனியுங்கள். என்-எம்னிஸ்ட் என்பது கையெழுத்து எண்களின் நிலையான படங்களுக்கு முன்னால் நிகழ்வுக் கேமராவை அசைத்துப் பதிவு செய்தது. அதில் காலம் சார்ந்த தகவல் அதிகமில்லை, அதில் 99 சதவீதம் எடுப்பது ஸ்பைக்கின் பெருமையைச் சொல்லாது. கைச்சைகைகளைப் பதிவு செய்த டிவிஎஸ் ஜெஸ்சர், பேசிய எண்களைக் கொண்ட ஸ்பைக்கிங் ஹைடல்பெர்க் டிஜிட்ஸ் ஆகியவற்றில் காலத்துக்குக் கொஞ்சமாவது இடம் உண்டு. எல்லோரும் ஒரே அளவுகோலைப் பயன்படுத்த வேண்டும் என்று பல குழுக்கள் சேர்ந்து நியூரோபெஞ்ச் என்ற திட்டத்தைத் தொடங்கியிருக்கின்றன. அதில் வரும் முடிவுகளைப் பின்தொடர்வது நல்லது.

எங்கே வெளியிடுவது?

கட்டமைப்பில் இதழ்களைவிட மாநாடுகளுக்கு மதிப்பு அதிகம்: இஸ்கா, மைக்ரோ, எச்பிசிஏ, ஆஸ்ப்ளாஸ். நியூரோமார்ஃபிக் பக்கம் ஐகான்ஸ், நைஸ் ஆகிய கூட்டங்கள் உண்டு. இரண்டு உலகத்தின் விமர்சகர்களும் வேறு வேறு விஷயங்களைக் கேட்பார்கள். முதலாவது கூட்டம் "எவ்வளவு வேகம், எதைவிட?" என்று கேட்கும். இரண்டாவது "என்ன புதிய நடத்தை கிடைத்தது?" என்று கேட்கும்.

மூளையிலிருந்து வந்த யோசனை ஏதாவது சாதாரணச் செயலிக்குள் போயிருக்கிறதா?

போயிருக்கிறது, பலருக்குத் தெரியாத கதை இது. நிபந்தனையைப் பொறுத்து இரண்டு வழிகளில் ஒன்றில் போகச் சொல்லும் கிளைக் கட்டளையைச் செயலி சந்திக்கும்போது எந்தப் பக்கம் போகும் என்று முன்கூட்டியே ஊகித்தாக வேண்டும். ஊகம் தப்பினால் பாதியில் செய்த வேலையெல்லாம் வீண். 2001இல் டேனியல் ஹிமெனெஸும் கால்வின் லின்னும் இந்த ஊகத்துக்கு, 1950களில் ஃபிராங்க் ரோசன்பிளாட் உருவாக்கிய எளிய செயற்கை நியூரானான பெர்செப்ட்ரானைப் பயன்படுத்தலாம் என்று காட்டினார்கள். முந்தைய கிளைகளின் வரலாறுதான் உள்ளீடு. எடைகள் சிறு முழு எண்கள். தப்பாக ஊகித்தால் எடையை ஒன்று ஏற்று அல்லது இறக்கு, அவ்வளவுதான். ஏஎம்டியின் ஜென் செயலிகளிலும் சாம்சங்கின் எக்ஸினாஸ் செயலிகளிலும் இதன் வழிவந்த முறைகள் இடம்பெற்றன. மூளையின் பெயரைச் சொல்லாமல், மிகச் சிறிய ஒரு யோசனை, அளந்து பார்த்து வென்ற இடம்.

சரி, எந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு ஆரம்பிப்பது?

"மூளை மாதிரி ஒரு சிப்" என்று ஆரம்பிக்காதீர்கள். மூளையின் ஒரே ஒரு குணத்தை எடுத்து, அது இல்லாத வடிவமைப்போடு மற்ற எல்லாம் சமமாக இருக்கும்படி ஒப்பிடுங்கள். உதாரணமாக, செயல்படும் நியூரான்களின் பங்கு எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் ஸ்பைக் வரும்போது மட்டும் வேலை செய்யும் நிகழ்வு வழி வடிவமைப்பு வழக்கமான அணிப் பெருக்கியை முந்துகிறது? ஸ்பைக்குகளைக் கோர்களுக்கு நடுவே கொண்டுபோகும் வலையமைப்பு எந்த அளவில் திணறத் தொடங்குகிறது? ஒன்றோடொன்று அடிக்கடி பேசும் நியூரான்களை ஒரே கோரில் வைக்கும் வேலையைக் கம்பைலர் செய்தால் எவ்வளவு மிச்சம்? மூன்றையும் சிமுலேட்டரும் ஒரு எஃப்பிஜிஏ பலகையும் கொண்டே தொடங்கலாம். கடைசிக் கேள்வியில் இதுவரை நடந்திருக்கும் வேலை வன்பொருளில் நடந்ததைவிட மிகவும் குறைவு. மென்பொருளில் ஆர்வமுள்ள கட்டமைப்பு மாணவருக்கு நான் முதலில் காட்டும் வாசல் அதுதான்.